கிட்டாருக்கு முளைத்த பல்

என் அக்கா புருஷன் பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கேட்கிறவர்கள் உடனே வாயைப் பிளந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுகிறார்கள். டாக்டர்கள் ஆட்களின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் தாடையுமாக வார்த்து, அதற்குப் பொருத்தமாகப் பல்செட்டு செய்து திருப்பி அனுப்புவதுதான் அத்தானின் வேலை. அவர் பட்டறைக்கு வருகிற வாய் எல்லாம் பிளாஸ்டர் வாய். பேசாது, முனகாது, குறை சொல்லாது. "பட்டறையில நிம்மதியா இருக்கேன், வெளிய வந்தாத்தான் வாய் பேசுது" என்று என்னையும் அக்காவையும் பார்த்துச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் என் தையல் கடை, பின்னால் அவர் பட்டறை, மாடியில் அவர்கள் குடித்தனம். என் மிஷினுக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே ஒரு ஆணி விழுந்தால் இங்கே கேட்கும். நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. காது இருக்கிறது, கேட்கிறது, நான் என்ன செய்ய?

அவரோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. எதிரில் வருகிறவரின் பெயர், ஊர், உறவு எதுவும் நினைவிருக்காது. பல் மட்டும் நினைவிருக்கும். தான் செய்த பல்லை எந்த வாயில் பார்த்தாலும் நின்றுவிடுவார். அந்த ஆள் சிரித்தால்தான் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும், அதனால் சிரிக்க வைத்தே தீருவார். ஒருமுறை பஸ் கண்டக்டரிடம் விடாமல் ஜோக் சொல்லி, நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினோம். வெயிலில் நடந்து வரும்போது நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் காதில் ஏறவே இல்லை. "கீழ் வரிசை ஆடவே இல்ல, பாத்தியா?" என்றார்.

அவருடைய வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு தபால்காரருக்குப் பல்செட்டு செய்து கொடுத்தார், முத்துக் கோத்த மாதிரி. தபால்காரர் அடுத்த வாரமே டாக்டரை விட்டுவிட்டு நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். "எல்லாரும் கண்டுபிடிச்சிடுறாங்க சார். கதவத் திறந்ததும் லெட்டரப் பாக்காம பல்லப் பாக்குறாங்க" என்றார். அத்தான் அதை வாங்கி, முன்பல் ஒன்றைத் துளி சாய்த்து, பக்கத்துப் பல்லின் ஓரத்தில் லேசாகத் தேநீர்க் கறை மாதிரி ஒரு நிறம் ஏற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் கண்டுபிடிக்கவில்லை. "எல்லாப் பல்லும் விறைப்பா நின்னா அது பல்லா, பரேடா?" என்று கேட்பார். அன்றிலிருந்து அவர் செய்கிற எந்த வரிசையிலும் எங்கேயாவது ஒரு சின்னக் கோணல் இருக்கும். வேண்டுமென்றே வைத்த கோணல். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதை வைத்துத்தான் நான் அவரோடு மல்லுக்கு நின்றேன்.

இப்போது அக்கா. அவள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு டீச்சர். எழுத்து, எண், கை கழுவுவது, வரிசையில் நிற்பது எல்லாவற்றையும் கிட்டாரை மடியில் வைத்துப் பாட்டாகவே சொல்லிக்கொடுப்பாள். சென்ற வருஷம் குளியலறையில் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரல் பழையபடி விரியவில்லை, மணிக்கட்டும் ஒரு அளவுக்கு மேல் மடங்கவில்லை. பழைய கிட்டாரின் கழுத்தைப் பிடிக்கப் பார்ப்பாள், விரல் தந்தி வரைக்கும் போய் எட்டாமல் நிற்கும். பள்ளியில் அவளை ஆபீசில் உட்கார்த்திவிட்டார்கள். "என் கை இப்ப ஆபீசரம்மா கை" என்று வேடிக்கையாகச் சொல்வாள். ஆனால் வீட்டில் பாட்டு நின்றுபோனது. துணி காயப்போடும்போதுகூடப் பாடாத அக்காவை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை, அது எனக்குத் தாங்கவே இல்லை. போதாததற்கு, தலைமையாசிரியை கூப்பிட்டுப் பதமாக ஒன்று சொல்லியிருந்தார். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கிட்டாரோடு வந்தால் வகுப்பு அவளுக்கு. இல்லையென்றால் புது டீச்சரைப் போட்டுவிடுவார்கள், அக்கா ஆபீசிலேயே இருக்க வேண்டியதுதான்.

அக்கா அதை வந்து சொன்ன அன்று அத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, "உன் கைக்கு நான் ஒரு கிட்டார் செய்யறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் வாழ்க்கையில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. ஆனால் அடுத்த நாளே அக்காவைப் பட்டறையில் உட்காரவைத்து, பல்லுக்கு அச்சு எடுக்கிற இளஞ்சிவப்பு மெழுகை வெந்நீரில் இளக்கி உருட்டி அவள் கையில் கொடுத்தார். "கிட்டார் கழுத்தப் பிடிக்கிற மாதிரி பிடி. வலிக்காம, உனக்கு எப்படி வருதோ அப்படி." அக்கா பிடித்தாள். பிடித்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. "ஆடாத, ஆடாத, அச்சு கலைஞ்சிடும்!" என்று இவர் கத்த, அவள் இன்னும் குலுங்க, மெழுகு கொழுக்கட்டையாகிப் போனது. மூன்றாவது தடவைதான் அச்சு ஒழுங்காக வந்தது. அதைப் பிளாஸ்டரில் வார்த்து, அந்த வார்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு மரத்தைச் செதுக்கினார். பல் செதுக்குகிற கத்திகளாலேயே செதுக்கினார். கழுத்து ஒல்லியாக, ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக, அக்காவின் கட்டைவிரல் வந்து உட்காரும் இடத்தில் ஒரு சின்னக் குழிவோடு வந்தது.

விடுமுறை முழுக்க இதுதான் வேலை. முடியும்வரை அக்கா பட்டறைக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. என்னை மட்டும் அனுமதித்தார், காரணம் பாசம் இல்லை, பலகையை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு மத்தியானம் வார்னிஷ் பூசாத வெறும் மரத்தில் தந்தி கட்டி, சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கால் மிஷினை மிதிக்காமல் நின்றுவிட்டது. அப்படி ஒரு சத்தம். நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்தது. நான் எழுந்து ஓடினேன். "அத்தான், சாதிச்சிட்டீங்க!" என்றேன். அவர் கிட்டாரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, "இங்க பாரு" என்றார், யாரோ செத்துப்போன சேதி சொல்கிற குரலில்.

பார்த்தேன். நடு ஓட்டையை அறுத்தபோது அதன் விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சில் பெயர்ந்து போயிருந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அதைக் கண்டுபிடித்தேன்.

"இதுக்கா இந்த மூஞ்சி?"

"நீ சும்மா இரு. இத மூடிட்டா வேலை முடிஞ்சுது" என்றார்.

மூடினார். எதை வைத்து மூடினார் என்று நினைக்கிறீர்கள்? வேறு யாராக இருந்தாலும் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருப்பார்கள். இவருக்குக் கை பழகியது பல்லில். பல் நிறம் பார்க்க ஒரு சட்டம் வைத்திருக்கிறார், அதில் வரிசையாகப் பற்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. அதை ஜன்னலோரம் கொண்டுபோய், கிட்டாரின் வெளுத்த மரத்தோடு ஒவ்வொரு பல்லாக ஒட்டி வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, மரத்தின் நிறத்துக்கு அச்சாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பல் மாவைக் குழைத்து அடைத்து, காயவைத்து, வழவழவென்று தேய்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சில் போன இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடிக்குச் சாப்பிடப் போனார்.

அப்புறம் வார்னிஷ் பூசினார். வார்னிஷ் பட்டதும் மரம் தேன் நிறத்துக்கு மாறியது. பல் மாறவில்லை. பல் எங்கேயாவது வார்னிஷ் குடிக்குமா? ஒவ்வொரு பூச்சுக்கும் மரம் இன்னும் சிவக்கச் சிவக்க, இது இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. கடைசிப் பூச்சு காய்ந்தபோது, நடு ஓட்டை திறந்த வாயாகவும், அதன் விளிம்பில் பளிச்சென்று ஒற்றைப் பல்லாகவும் நின்றது. முதலில் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்த குறை, இப்போது வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்தது.

நான் சிரித்த சிரிப்பில் தைத்த துணியை வாங்க வந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தான் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் அவராக இல்லை. தந்தி கட்டுவார், ஒரு தரம் மீட்டுவார், சத்தம் அருமையாக வரும், முகம் மலரும், கண் அந்த வெள்ளைக்குப் போகும், முகம் விழுந்துவிடும். பள்ளி திறக்கும் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. பல்லைத் தோண்டி எடுத்து மரத்தாலேயே அடைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் பூசினால் திட்டாகத் தெரியும். திட்டு தெரியாமல் இருக்க முகப்பு முழுவதையும் சுரண்ட வேண்டும். சுரண்டினால் பலகை இன்னும் மெலியும், அந்தச் சத்தம் அப்படியே இருக்குமா என்று அவருக்கே தெரியாது. புதிதாகப் பூசியது காய்வதற்குள் பள்ளி திறந்து, புது டீச்சர் வந்து, பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூடப் பழகிவிடும். இது அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிறீச், கிறீச் என்று முறுக்காணி திருகுகிற சத்தம் கேட்டது. தந்தியைத் தளர்த்துகிறார். மேஜையில் சுரண்டுகிற தகடு வைக்கிற சத்தமும் கேட்டது.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. கையில் இருந்த கத்தரிக்கோலோடு உள்ளே போய்விட்டேன்.

"என்ன செய்யறீங்க?"

"கத்தரிக்கோலக் கீழ வை மொதல்ல."

"ஊராருக்குச் செய்யற பல்லுல வேணும்னே கோணல் வைக்கிறீங்க. இதுல தானா வந்த கோணலுக்கு இந்தப் பாடா? தபால்காரர் கதையை எத்தன தடவை சொல்லியிருப்பீங்க, எங்க போச்சு அதெல்லாம்?"

"அது ஊரார் வாய்" என்றார். தகட்டைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். "இது உங்க அக்கா கை. அவ கைல ஏற்கெனவே ஒரு குறை இருக்கு. அவ பிடிக்கிற சாமான்லயும் ஒண்ணு எதுக்கு?"

மனுஷன் மனசில் இதுவா இருந்தது! ஆனால் பேசிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால் அவர் சுரண்ட ஆரம்பித்திருப்பார். கத்தரிக்கோலை மேஜையில் போட்டேன், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன்.

"ஏய்! வார்னிஷ்! கை ரேகை படும்! ஓரத்தப் பிடி, ஓரத்தப் பிடி!" என்று அவர் பின்னாலேயே வந்தார். பொருள் திருட்டுப் போகிறதே என்ற கவலை இல்லை, ரேகைக் கவலை.

அக்கா மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் வந்து நின்ற அவரைப் பார்த்தாள், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்குவதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. பழைய கிட்டாரை எடுத்து, முடியாமல் திருப்பி வைத்த நாட்கள் எல்லாம் அவள் முகத்தில் ஓடின. நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கட்டைவிரல் தடவிக்கொண்டே போய் அந்தக் குழியில் உட்கார்ந்தது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் தந்தியின் மேல் வந்து இறங்கின.

"அட!" என்றாள்.

தளர்ந்திருந்த தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள். பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு ஒன்று உண்டு, சோப்பு, நுரை, விரல் இடுக்கு என்று போகும். அதை வாசித்தாள். பாடினாள். உலகத்தில் கை கழுவுகிற பாட்டுக்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஈரத் துணி வாளியில் அப்படியே கிடந்தது.

பாட்டு முடிந்ததும்தான் அவள் கண் நடு ஓட்டைக்குப் போனது. "இது என்ன வெள்ளையா? சிப்பி பதிச்சிருக்கீங்களா? அழகா இருக்கே!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் அவரைப் பார்த்துக் கண்ணால் ஜாடைகூடக் காட்டினேன். ஆனால் அந்த மனுஷனுக்குப் பொய் வராது. "பல்லு" என்றார்.

"என்னது?"

"அது பல்லு. மேல் வரிசை நிறம்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கிட்டாரைக் கட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது அந்த மெழுகு நாளில்தான். அவர் முதலில் உம்மென்று நின்றார், அப்புறம் உதடு கோணியது, அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். "சுரண்டிட்டா போயிடும்" என்று நடுவில் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"சுரண்டுங்க. யாரு வேண்டான்னா? ஆனா திங்கட்கிழமை இது என்கூட வருது. அடுத்த லீவுக்குத் தர்றேன், அப்ப நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க" என்றாள் அக்கா. அதுதான் ஒப்பந்தம். அவர் ரொம்ப யோசித்து, அரை மனதாகத் தலையாட்டினார். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிட்டாருக்கு ஒரு உறை தைத்தேன். உள்பக்கத் தையல் ஒரு இடத்தில் வளைந்து போனது. பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். வகுப்பு அவளுக்குத்தான். அது ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைகள் முதல் பாட்டுக்கே காத்திருக்கவில்லை. உறையைப் பிரித்ததுமே ஒரு பிள்ளை விரலை நீட்டி, "டீச்சர், உங்க கிட்டாருக்குப் பல்லு முளைச்சிருக்கு!" என்று கத்தியதாம். அவ்வளவுதான், வகுப்பே எழுந்து ஓடி வந்து மொய்த்துவிட்டது. பல் விழுகிற வயசு இல்லையா? அங்கே பாதிப் பேருக்கு முன்வாய் வெற்றிடம். மற்றவர்கள் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு திரிகிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார்கள். யாருக்குப் பல் விழுகிறதோ, அந்தப் பிள்ளை அன்றைக்குக் கிட்டாரின் பல்லைத் தொட்டுவிட்டு, என்ன பாட்டு என்று சொல்லும். அதைத்தான் எல்லாரும் பாட வேண்டும். முன்பெல்லாம் பல் விழுந்தால் அழுத பிள்ளைகள் இப்போது பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் ராஜநடை போட்டு வந்தார்களாம்.

இதையெல்லாம் கேட்டும் அத்தான் ஒப்பந்தத்தை விடவில்லை. விடுமுறை தொடங்குகிற அன்று, கிட்டாரை வாங்கிவர அவரே பள்ளிக்குப் போனார். கூட நானும் போனேன், வேடிக்கை பார்க்க. "இவர் இதைச் சரி பண்ண எடுத்துட்டுப் போறார்" என்று அக்கா பிள்ளைகளிடம் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள், அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எதச் சரி பண்ண?" என்று முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெண் குழந்தை கேட்டது.

அத்தான் அந்த வெள்ளையைக் காட்டினார்.

"பல்லப் பிடுங்கப் போறீங்களா?" அந்தக் குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. "அதுக்கு இருக்குறதே ஒரே பல்லு!"

வகுப்பு முழுக்க அவரைச் சூழ்ந்துகொண்டது. வாழ்நாள் முழுக்கப் பிளாஸ்டர் வாய்களோடு பழகிய மனுஷன், உயிருள்ள இத்தனை பொக்கை வாய் ஒரே நேரத்தில் கத்தியதும் ஆடிப்போய்விட்டார். "சரி, சரி, தொடமாட்டேன், தொடமாட்டேன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார். வீடு திரும்பியதும் வாசலில் நின்று, "பிள்ளைங்க எல்லாத்துக்கும் நல்லா இடைவெளி விட்டுத்தான் முளைக்குது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பருவத்தில் குளிர் வந்தது. மரம் சுருங்கியது, பல் சுருங்கவில்லை. ஒருநாள் பாட்டின் நடுவே டிக் என்று அது பெயர்ந்து தரையில் விழுந்தது. அக்கா பட்டறைக்குப் போன் செய்தாள். போனில் பின்னாலிருந்து வந்த பிள்ளைகளின் அழுகையும் ஆரவாரமும் தடுப்பைத் தாண்டி எனக்கே கேட்டன. அத்தான் கையிலிருந்த யாரோ ஒருவரின் கீழ்த் தாடையை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கிட்டாரோடு திரும்பி வந்தார்.

இப்போது விளிம்பில் அந்தப் பழைய அரிசி அளவுக் குழி மட்டும் இருந்தது. தேன் நிற மரத்தூளை அடைத்தால் போதும். அவர் அத்தனை நாள் ஆசைப்பட்டது கையிலேயே வந்து விழுந்திருந்தது. நான் தடுப்போரம் நின்று பார்த்தேன். அவர் மரத்தூள் டப்பாவைத் திறக்கவில்லை. பல் நிறச் சட்டத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணை இடுக்கி, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, முந்தியதைவிடப் பளிச்சென்ற வெள்ளை ஒன்றை எடுத்தார். குழைத்தார், உருட்டினார், செதுக்கினார். டாக்டர் அனுப்பிய வேலையெல்லாம் காத்திருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு வரிகூட இழைத்தார், நிஜப் பல்லில் இருக்குமே, அது மாதிரி. மரம் அசைந்தாலும் பிடி விடாத பசையாகப் பார்த்து ஒட்டினார். பசை இறுகுவதற்கு முன் நகத்தால் ஒரு பக்கமாக மெல்லத் தட்டிவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அத்தான், பழசை விடப் பெரிசா இருக்கு. கொஞ்சம் கோணலாவும் இருக்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"போனது பால் பல்லு" என்றார். "விழுந்து முளைக்கிறது அப்படித்தான் இருக்கும்."